நீலக் குண்டூசிக் குடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. நானும் சபாரத்தினம் அண்ணையும் ஒரே பாண் தொழிற்சாலையில் மா மூட்டை இறக்குகிறவர்கள். இடைவேளைத் தேத்தண்ணியோடு அவர் துண்டு துண்டாகச் சொன்னதை நான் ஒட்டியிருக்கிறேன். அவருக்கும் இது முழுச் சொந்தமில்லை. பாதி அவருடைய மனைவி கனகாம்பிகை அக்காவுடையது. மற்றப் பாதி, ஐம்பதினாயிரமோ அறுபதினாயிரமோ வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு கடற்கரையோரம் கிழங்கு தோண்டித் தின்ற ஒருத்தியுடையது. அவளிடம் அனுமதி கேட்க வழியில்லை. ஆகவே துணிந்து அவளிலிருந்தே தொடங்கினேன்:

"சேற்றில் மானின் தடம் பதிந்திருந்தது. அவள் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையில் கூரான கல்லோடு, தன் தாய் போன வழியிலேயே"

இவ்வளவையும் சபாரத்தினம் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவ என்ன உடுத்திருந்தவ?" என்று கேட்டார்.

"அது தெரியாது அண்ணை."

"அப்ப உடுப்பில்லாமலோ விட்டிருக்கிறீர்? அது என்ர மனுசியின்ர பரம்பரை ஐசே. அவ கேள்விப்பட்டால் எனக்குச் சோறில்லை."

அவசரமாக ஒரு மான்தோலைப் போர்த்திவிட்டேன். போர்த்தியதும் ஒரு வில்லங்கம் வந்தது. கழுத்துவரை மூடிக்கொண்டு, குனிந்து குனிந்து புல்லுக்குள் எதையோ தேடிக்கொண்டு போகிறவளை நான் ஏற்கெனவே கண்டிருக்கிறேன். கனகாம்பிகை அக்காவேதான். குளிர்காலக் கோட்டோடு, லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற பகுதியின் புல்வெளியில் அவர் ஏதோ ஒரு கீரை பிடுங்குவார். அது என்ன கீரை என்று வெள்ளைக்காரருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சுண்டித் தருவார், தின்போம், மறுநாளும் வேலைக்கு வருவோம்.

ஆக, ஐம்பதினாயிரம் வருடத்தை ஒரே மூச்சில் தாண்டி 1996க்கு வந்துவிட்டேன். முதல் தொடக்கத்தை அடிக்காமல் விட்டிருக்கிறேன். அவ்வளவு பாடுபட்டு எழுதியது.

2

கதைக்குள் வந்தால் அக்காவை "அவள்" என்று எழுதவேண்டியிருக்கிறது. நேரில் எனக்கு அந்தத் துணிவு கிடையாது.

கனகாம்பிகை மட்டக்களப்புப் பக்கத்துக்காரி. சபாரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே வேலைக்குப் போன இடத்தில் கட்டினவர். எண்பதுகளின் நடுவில் மகள் சிவகௌரியைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் லண்டன் வந்தார்கள். வரும்போது கனகாம்பிகை தன் குடியையும் கொண்டுவந்தாள்.*

(* குடி என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: மட்டக்களப்புப் பக்கம் அது தாய்வழி வருவது. தாயின் குடிதான் பிள்ளைக்கு. ஒரே குடியில் பிறந்தவர்கள் முன்பின் கண்டிராவிட்டாலும் சகோதரம்தான், அவர்களுக்குள் கலியாணம் கூடாது. அக்காவின் குடிப் பெயரை நான் எழுதவில்லை. "எழுதினால் நாளைக்கு எல்லாரும் தாங்களும் அதுதான் எண்டுவாங்க" என்று சொல்லிவிட்டார்.)

ஆனால் இந்த ஊரில் அந்தக் குடியைக் கேட்பார் இல்லை. குரோய்டனில் குடிவரவு அலுவலகம் இருக்கும் அந்தப் பெரிய கட்டடத்தில் தகப்பன் பெயர் கேட்டார்கள், புருஷன் பெயர் கேட்டார்கள், புருஷனின் தகப்பன் பிறந்த ஊரைக்கூடக் கேட்டார்கள். தாயின் தாய் ஒருத்தி இருந்திருப்பாள் என்ற நினைப்பே அங்கே யாருக்கும் வரவில்லை. கனகாம்பிகை பதில்களை எல்லாம் ஆயத்தமாக வைத்துக்கொண்டு போய், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

பிறகு ஜூடித் வந்தாள்.

3

ஜூடித் ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி நடக்கும் மண்டபத்துக்குப் பஞ்சுக்குச்சிகளோடு வந்தாள். கன்னத்தின் உட்பக்கத்தைத் தேய்த்து எடுத்தால், தாய்க்குத் தாயாக எவ்வளவோ பின்னால் போய், வேட்டையாடித் திரிந்த காலத்து மூத்த தாய்வரை தடம் பிடிக்கலாமாம். பால் போத்தலில் பெயர் ஒட்டுவது மாதிரி ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைகளில் ஓர் அடையாளம் விட்டுவிடுகிறாளாம். ஆண்பிள்ளையிலும் அது இருக்கும், ஆனால் அவனோடு நின்றுவிடும். பெண்பிள்ளைதான் அடுத்த வீட்டுக்குக் கடத்துவாள்.

(இந்த விளக்கத்தை நான் மூன்று தரம் எழுதினேன். முதல் இரண்டிலும் எனக்கே விளங்கவில்லை.)

கனகாம்பிகை வரிசையில் நின்றாள். அவளுடைய முறை வந்ததும் ஜூடித் கேட்டாள், சிவகௌரி மொழிபெயர்த்தாள்.

"அம்மா, உங்கட அம்மாட அம்மாட அம்மா எந்த ஊர் எண்டு கேக்கிறா."

கனகாம்பிகை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பத்து வருடமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த கேள்வி அது.

"ஊர் மட்டும் போதுமா, பேரும் வேணுமா?"

சின்னாத்தை, மாரிப்பிள்ளை, வெள்ளச்சி என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, ஜூடித் பென்சிலை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு தூரம் அந்த வரிசையில் யாரும் போகவில்லை. கனகாம்பிகை கடைசியில் குடிப் பெயரையும் சொன்னாள். அதை ஒருமுறைக்கு இருமுறை உச்சரித்துக் காட்டி, ஜூடித்தின் வாயில் சரியாக வரும்வரை விடவில்லை.

வரிசையில் பின்னால் பாஸ்கரனும் நின்றான். திருநெல்வேலிப் பையன். கணினிக் கம்பனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்க வருவதாகப் பெயர், சிவகௌரியைப் பார்க்க வருவதாக உண்மை. இரண்டு பேரும் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லி ஒரு மாதமாகியிருந்தது. சபாரத்தினம் "ஓம்" என்றுவிட்டார். கனகாம்பிகை "ஓம்" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. அம்மா சம்மதிக்காமல், அம்மா வந்து நிற்காமல் தாலி ஏறாது என்று சிவகௌரி பாஸ்கரனிடம் சொல்லிவிட்டாள். ஆக அந்தக் கலியாணம் முழுக்கக் கனகாம்பிகையின் வாயில் நின்றது.

4

சில மாதம் கழித்து ஜூடித் ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மண்டபச் சுவரில் அதை விரித்து, பஞ்சுக்குச்சி கொடுத்த ஒவ்வொருவருக்கும் தாய் ஊரில் ஒரு நிறக் குண்டூசி குத்தினாள். நீலம், சிவப்பு, மஞ்சள். அவர்கள் சொன்ன விபரத்தையும் நன்றிக்காகப் பக்கத்தில் சின்னதாக எழுதி ஒட்டியிருந்தாள். மட்டக்களப்பில் நீலக் குண்டூசி. பக்கத்தில் ஆங்கில எழுத்தில் கனகாம்பிகையின் குடிப் பெயர்.

மகள் வாசித்துச் சொன்னதும் கனகாம்பிகைக்குக் கண் கலங்கிவிட்டது. லண்டன் சுவரில் அவளுடைய குடி.

ஜூடித் நிறங்களை விளக்கினாள். சிவகௌரி, பாவம், தன் வாயாலேயே அதைத் தமிழில் சொன்னாள்.

"நீலமெல்லாம் ஒரே தாயில இருந்து வந்த ஆக்கள். வேட்டையாடித் திரிஞ்ச காலத்தில ஒரு பொம்பிள. அவவின்ர மகள், மகளின்ர மகள் எண்டு பிரிஞ்சு பிரிஞ்சு வந்திருக்கினம்."

கனகாம்பிகை வரைபடத்துக்குக் கிட்டப் போனாள். இந்தியாவின் காலடியில் ஒரு நீலக் குண்டூசி தனியாக நின்றது.

"இது ஆர்?"

பாஸ்கரன் கையை உயர்த்தினான். வாயெல்லாம் பல். "நான்தான் ஆன்ட்டி. பாருங்க, நாம எல்லாம் ஒரே சொந்தம்னு சயின்ஸே சொல்லுது."

கனகாம்பிகை திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாதமாக இல்லாத கனிவு.

"அப்பிடியா மனே," என்றாள். மகனே என்பதை மட்டக்களப்பில் அப்படித்தான் சொல்வார்கள்.

பாஸ்கரனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைத்தான். வாசகரே, நீங்களும் நினைத்திருந்தால் குற்றமில்லை. எழுதுகிற நானே முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

5

அடுத்த ஞாயிறு பாஸ்கரனுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைப்பு. நண்டுக் கறி, முருங்கைக்காய், அந்தப் பெயர் தெரியாத கீரைச் சுண்டல். அவன் நண்டுக்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் கனகாம்பிகை மகளைப் பார்த்துச் சொன்னாள்:

"கொண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு."

சிவகௌரியின் அகப்பை அந்தரத்தில் நின்றது. "ஆருக்கு?"

"கொண்ணனுக்கு. ஒரே குடியெண்டா அண்ணன்தானே. நீதானே மண்டபத்தில எல்லாருக்கும் சொன்னாய்."

"ஆன்ட்டி, அது வந்து," என்று பாஸ்கரன் நண்டை விழுங்கினான்.

"ஆன்ட்டி எண்டு சொல்லாத மனே. பெரியம்மா எண்டு கூப்பிடு. இனி இது உன்ட வீடு. எந்த நேரமும் வரலாம், சாப்பிடலாம்."

"வந்துங்க, எங்க ஊர்ல அப்படி இல்லீங்க. எங்க ஊர்ல அப்பா வழிதான்..."

"உங்கட ஊரில பிழையா எண்ணியிருக்கிறாங்க," என்றாள் கனகாம்பிகை மிகவும் அன்பாக. "குண்டூசி சரியா எண்ணியிருக்கு."

சபாரத்தினம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதாம். சிரிப்பா, புரையேறியதா என்று நான் கேட்கவில்லை.

6

இங்கேதான் எனக்குக் கதை சிக்கிக்கொண்டது. கனகாம்பிகை உண்மையில் நம்பினாளா, அல்லது மகளை இந்தியப் பையனுக்குக் கொடுக்க மனமில்லாமல் இதைப் பிடித்துக்கொண்டாளா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

"கனகாம்பிகை மனதுக்குள் சிரித்துக்கொண்"

இல்லை.

"சகோதரங்கள் இரண்டும் கலியாணம் செய்யப் பார்த்ததை எண்ணி அவள் நடுங்"

இதுவும் இல்லை.

சபாரத்தினம் அண்ணையிடம் போனேன்.

"நம்பிறாவோ நடிக்கிறாவோ அண்ணை?"

அவர் மூட்டையை இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்தினார். "கட்டின காலந்தொட்டு எனக்கு அது விளங்கினதில்லை. நீர் ரெண்டு பக்கத்தில கண்டுபிடிக்கப் போறீரோ?"

ஆகவே கண்டுபிடிக்காமல் விடுகிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இரவல் நாட்டில், இரவல் மொழியில், ஒருத்தி அவளிடம் வந்து உன் தாயார் யார் என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் எழுதினாள், சுவரில் குத்தினாள். இப்போது மகளுக்காக அதெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் நிறக் குண்டூசி என்று கனகாம்பிகை சொல்லவேண்டும். சொன்னால் மகளுக்குக் கலியாணம். ஆனால் கேட்ட ஒரேயொரு கேள்விக்குக் கொடுத்த பதிலை அவளே திருப்பி வாங்கவேண்டும்.

இதை நான் பகிடியாக எழுதத்தான் பார்த்தேன். வரவில்லை.

7

சிவகௌரி தாயின் மகள். அழுதுகொண்டிருக்கிற ஆள் இல்லை. அவள் தகப்பனைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்களும் குச்சி குடுக்கோணும்."

குச்சி எடுத்த ஞாயிறு சபாரத்தினத்துக்கு ஷிப்ட். அவருக்குக் குண்டூசி இல்லை.

"என்னத்துக்கு பிள்ளை, நான் யாழ்ப்பாணத்தான். எங்களுக்குக் குடியும் இல்லை, ஒண்டும் இல்லை."

"அதுக்குத்தான்."

திட்டம் உங்களுக்கு விளங்கியிருக்கும். சபாரத்தினமும் நீலமாக வந்துவிட்டால் கனகாம்பிகையின் சட்டப்படி அவளே அண்ணனைக் கட்டியவள். ஒன்று சட்டம் போகும், அல்லது புருஷன் போவான். புருஷனை விடமாட்டாள் என்பது சிவகௌரியின் கணக்கு.

(மகளின் கணக்கில் தகப்பனுக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை என்பதையும் பதிந்துவைக்கிறேன்.)

முடிவு வரக் கோடைகாலம் போய்விட்டது. அதுவரை பாஸ்கரன் ஞாயிற்றுக்கு ஞாயிறு மகனாக வந்து சாப்பிட்டான். காற்சட்டை இறுகத் தொடங்கியது. "எங்க அம்மாகூட எனக்கு இப்படிச் சமைச்சுப் போட்டதில்ல," என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லி, சிவகௌரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஜூடித் தொலைபேசியில் சொன்னாள். நீலம்.

சபாரத்தினம் அன்று வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றி, கதிரையில் சாய்ந்துகொண்டு கூப்பிட்டார்:

"தங்கச்சி, தேத்தண்ணி இருக்கோ?"

இந்த இடத்தில் நான் இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் கனகாம்பிகை விழுந்து விழுந்து சிரிக்கிறாள், நாதஸ்வரம் கேட்கிறது, எல்லோரும் வட்டமாக நின்று சாப்பிடுகிறார்கள். மற்றதில் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாள், சபாரத்தினம் தனியாகப் பாண் தின்கிறார். வாசித்துக் காட்டினேன். முதலாவது சினிமா என்றார். இரண்டாவதைக் கேட்டு, "அதை எழுதாதையும், அவவுக்கு யோசினை குடுத்த மாதிரிப் போயிடும்," என்றார்.

நடந்தது இதுதான். கனகாம்பிகை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். புருஷனை நன்றாகப் பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

"நாங்க தெரியாமக் கட்டினம். தெரியாமச் செஞ்சது குத்தமில்ல. நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சுகொண்டெல்லோ கட்டப் போறீங்க."

"தெரிய வைச்சது ஆர் அம்மா?"

"நீதான். எனக்கு இங்கிலீசு வராதே."

சிவகௌரி எழும்பினாள். மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். இந்தக் கலியாணம் இனி இல்லை என்று அவள் நினைத்தது அன்றைக்குத்தான்.

8

மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கனகாம்பிகையும் சாப்பிடவில்லை, ஆனால் அவள் சமைக்கிறவள் ஆனபடியால் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஜூடித்தை வீட்டுக்குக் கூப்பிட்டாள். பாஸ்கரனும் வந்திருந்தான்.

"இந்த நீலத்துக்கும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மேல ஆர் எண்டு கேள்," என்றாள் மகளிடம்.

ஜூடித் சொன்னாள். எல்லா நிறமும் இன்னும் பின்னால் போனால் ஆபிரிக்காவில் ஒரே தாயில் போய்ச் சேருமாம்.

"அப்ப இவட தாயும்?"

"இவவின்ர தாயும் அதில இருந்துதானாம்."

கனகாம்பிகை ஜூடித்தின் கையைப் பிடித்து, நாக்கு எரியாதபடி தனியாக ஆக்கி வைத்திருந்த கோழிக்கறியில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள். "அப்ப நீயும் எங்கட ஆள்தான். சாப்பிடு புள்ள."

"அம்மா, அப்பிடிப் பாத்தா உலகத்தில ஒருத்தரும் ஒருத்தரையும் கட்டேலாது," என்றாள் சிவகௌரி. குரலில் சண்டைக்கான பலமே இல்லை.

"அதுதான் நானும் யோசிச்சன். அதுக்காகக் குடியை விட ஏலுமா? எங்கயாவது ஒரு கோடு போடத்தான் வேணும்." கனகாம்பிகை கையைத் துடைத்தாள். "பேர் தெரிஞ்ச தாய்மார் வரைக்கும் குடி. அதுக்கு அங்கால காடு. காட்டில நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல. மனே, உன்ட தாய்க்குத் தாய், அவக்குத் தாய், பேர் சொல்லு, மூணு பேராவது தெரிஞ்சாத்தான் கணக்கு. என்ட தாய்மாரில ஒருத்தியும் அதுக்குள்ள வரக்கூடாது."

பாஸ்கரன் விரலை மடக்கினான். "அம்மா, சுலோச்சனா. பாட்டி, ரத்னம்மா. அதுக்கு மேல..." மூன்றாவது விரல் மடங்கவில்லை. "அம்மாவுக்குத் தெரியும்னு நினைக்கிறேன்."

"கூப்பிடு அவவ."

திருநெல்வேலிக்கு எண் சுழற்றப்பட்டது. பாஸ்கரன் தாயிடம் நாலு வார்த்தை பேசி, ரிசீவரைக் கொடுத்தான். கனகாம்பிகை அதை வாங்கிக்கொண்டு, நீளமான வயரை இழுத்தபடி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதவுக்கு வெளியே சபாரத்தினத்தோடு நான்கு பேர் நின்றார்கள். ஜூடித் தட்டோடு நின்றாள்.

"உங்கட தாய்ட பேர் ரத்னம்மா, சரி. அவட தாய்?"

அந்தப் பக்கம் சொன்னது வெளியே கேட்கவில்லை.

"தெரியாதா?"

வயர் கதவடியில் இன்னும் கொஞ்சம் இழுபட்டது.

"அப்ப என்னெண்டு கூப்பிடுவீங்க? ஆச்சி எண்டு மட்டுமா. ஊரிலயும் அப்பிடித்தானா?"

சிவகௌரி பாஸ்கரனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் இல்லை. பெயர் இருந்தால் ஒன்றா வேறா என்று சட்டம் சொல்லியிருக்கும். பெயரில்லாத இடத்தில் சட்டத்துக்கு வாயில்லை, கனகாம்பிகைக்கு மட்டும்தான் வாய் இருக்கிறது. குண்டூசியும் குடியும் கைவிட்ட பிறகு, ஓம் என்பதும் இல்லை என்பதும் இப்போது அவளுடைய சொந்தப் பொறுப்பு.

குசினிக்குள் முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

"பேர் போகட்டும்," என்றாள் கனகாம்பிகை. "ஆள் எப்பிடி இருப்பா, சொல்லுங்க."

பிறகு நெடுநேரம் "ம்" என்ற சத்தம் மட்டும். நடுவில் ஒரு முறை மூக்கை உறிஞ்சியது கேட்டது. அது சிரிப்புக்கா அழுகைக்கா என்று கதவுக்கு வெளியே நின்ற நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள்.

9

கதவு திறந்ததும் கனகாம்பிகை அக்கா சொன்னது என்னவென்று எனக்குத் தெரியும். எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் கதை எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டு அக்கா என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி குகதாசன், அது நான் சொன்ன சொல்லு. நீங்க எழுதினா அது நீங்க சொன்னதாப் போயிடும். வேணுமெண்டவங்க என்னட்ட வந்து கேக்கட்டும்."

எனவே கடைசி வரியை அடித்துவிட்டேன். இதை மட்டும் அடையாளம் தெரியாதபடி நன்றாக அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் பயனில்லை.

நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, எந்தத் தமிழ்க் கடையில் விசாரித்தாலும் வீட்டைக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நல்லது, நண்டு இருக்கும். ஆனால் கதவைத் திறந்ததும் முதலில் அவர்தான் கேட்பார், உங்கள் தாயின் தாயின் தாய் யார் என்று. பெயர் தெரியாவிட்டால் வாசலில் நின்று முழிக்கவேண்டாம். ஆள் எப்படி இருப்பா என்றாவது வீட்டில் யாரிடமாவது கேட்டுக்கொண்டு போங்கள்.